செவிமெத்தையும் வடமும்: பேராதனைவழி ஒரு வரலாற்று நோக்கு

பொருள்களின் வரலாறு அவற்றை ஆக்கியோரின் வரலாறுமாகும். ஒலியின் தரத்தையும் அணிவோரின் வசதியையும் கருதி, ஹெட்போனின் வடத்தையும் செவிமெத்தையையும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் இன்று இசையார்வலரிடையே பரவியுள்ளது. புதுமைபோலத் தோன்றும் இவ்வழக்கத்தின் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் ஒரு கிளை, கண்டியை அடுத்த பேராதனைத் தாவரவியற் பூங்காவைத் தொட்டுச் செல்கின்றது.

ஹெட்போனை முதலில் வேண்டி நின்றோர் ரெலிபோன் நிலையப் பணியாளரும் கம்பியில்லாத் தந்தியாளருமேயாவர். 1910 அளவில் அமெரிக்கரான நதானியேல் போல்ட்வின் உணர்திறன் மிக்க ஹெட்போனை ஆக்கி, அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். அக்காலக் கருவிகள் பலவற்றில் காதைத் தொட்ட மூடி, கந்தகம் மிகுதியாகச் சேர்த்து இறுகச் செய்த இறப்பராகிய எபொனைற்றினால் ஆனது. வடத்தின்மேல் பருத்தி நூலுறை பின்னப்பட்டிருந்தது. கடிய மூடி நெடுநேரங் கேட்போரை வருத்தியது, அது காதோடு பொருந்தாத இடைவெளியினூடே தாழ்சுரங்கள் கசிந்தன, புறவோசையும் உட்புகுந்தது. இக்குறைகளை நீக்குதற்கே மென்மையான இறப்பராலும் தோலாலும் ஆகிய மெத்தைகள் தோன்றின. வடத்தின் செப்புக்கம்பியைக் காப்பதற்கும் இறப்பருறை பயன்பட்டது.

அவ்விறப்பர் ஆசியாவில் வேரூன்றிய கதையிலே பேராதனைக்குச் சிறப்பிடம் உண்டு. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த விதைகள் 1876இல் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 1,900 நாற்றுக்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அப்பொழுது பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக விளங்கியவர் துவைற்ஸ். வெப்பமிகு தாழ்நிலம் வேண்டுமென்பதனால், பேராதனையின் நிருவாகத்தின்கீழ் எனரத்கொடையில் அமைந்த பூங்காவில் அவை நடப்பட்டன. முப்பதாண்டுகளின் பின், 1906இல் பேராதனையிலேயே இறப்பர்க் கண்காட்சி நடைபெற்றது.

1942இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமாகவே, இலங்கையின் இறப்பர் நேசநாடுகளுக்கு இன்றியமையாததாயிற்று. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் அமைந்தது. ஹெட்போன் அணிந்த தந்தியாளரைப் பெரிதும் நம்பியிருந்த ஒரு போரின் தலைமையகம், இறப்பரை இந்நாட்டுக்கு வரவேற்ற பூங்காவிலேயே இடம்பெற்றமை நோக்கற்பாலது.

போரின் பின்னர் செயற்கைப் பொருள்களும் நுரைமெத்தைகளும் இறப்பரின் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டன. எனினும் பழைய அனுபவம் உணர்த்திய உண்மை மாறவில்லை. செவிமெத்தையின் வடிவமும் இறுக்கமும் மாறின் ஒலியும் தெளிவாக மாறும். வடத்தின் நிலை அத்தகையதன்று. குறுகிய செப்பு வடத்தின் மின்தடை பெரும்பாலான ஹெட்போன்களின் தடையோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிது. ஆகவே, நல்ல வடத்தினால் விளையும் பயன் நெகிழ்ச்சியும் நீண்ட உழைப்புமே, ஒலிவேற்றுமை அரிது. விலை கொடுப்போர் இவ்வேறுபாட்டை அறிதல் நன்று.

இவ்வரலாற்றில் மறக்கப்பட்டோரும் உளர். வைகறைக் குளிர்ச்சியிலேதான் மரத்திற் பால் நன்கு சுரக்கும். அவ்வேளையில் கேகாலை, மாத்தளை முதலிய பகுதிகளின் தோட்டங்களிலே பால்வெட்டச் சென்றோருட் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் வழிவந்தோருமாவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. உலகத்தார் செவிகளுக்கு மென்மை தந்த உழைப்பாளரின் குரல் ஐம்பதாண்டுகளுக்கு மேலாகச் செவிசாய்ப்பாரின்றி நின்றது. செவிமெத்தையின் வரலாற்றை எழுதப் புகுவோர் இதனையும் சேர்த்தெழுதுதல் கடனாகும்.