காட்டு ஓட்டமும் கைக்குழந்தையும்

வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காட்டில் வழி கண்டு ஓடும் ஓரியன்டியரிங், 19ஆம் நூற்றாண்டில் சுவீடன் ராணுவப் பயிற்சியாகப் பிறந்தது. 1919இல் சாரணர் தலைவர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் ஸ்டாக்ஹோம் அருகே நாக்காவில் நடத்திய போட்டி அதைப் பொதுமக்களின் விளையாட்டாக்கியது. 1965இல் தொடங்கிய ஓ-ரிங்கன் என்னும் சுவீடன் ஓரியன்டியரிங் போட்டி, குடும்பங்கள் கூடாரமடித்துத் தங்கும் கோடை விழாவாகவே வளர்ந்தது. 1985இல் ஃபாலுன் நகரில் நடந்த இப்போட்டிக்குச் சுமார் 25,000 பேர் திரண்டனர்.

கைக்குழந்தையோடு வரும் பெற்றோர் இருவரும் ஒரே நேரத்தில் காட்டுக்குள் போக முடியாதே. இதற்குப் போட்டி அமைப்பாளர்கள் கண்ட வழி எளியது, அருமையானது: ஒருவருக்கு முன்னதாகவும் மற்றவருக்குப் பின்னதாகவும் புறப்படும் நேரம் ஒதுக்கினார்கள். முதலில் ஓடியவர் சேறு படிந்த காலணியோடு திரும்பிக் குழந்தையை வாங்கிக்கொள்ள, அடுத்தவர் வரைபடத்தோடு கிளம்புவார். பெரிய போட்டிகளில் குழந்தை காப்பிடமும் உண்டு.

நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்குத் தனிப்பாதை. காட்டோரம் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, இடையிடையே படங்கள் தொங்கவிட்டிருப்பார்கள். கயிற்றைப் பிடித்தபடி நடந்து, படத்துக்குப் படம் அட்டையில் அடையாளமிட்டு முடித்தால் பரிசு கிடைக்கும். போட்டியில் முந்துவது இங்கே பொருட்டல்ல. பின்னாளில் வரைபடம் பிடிக்கும் கைகள் பலவும் முதலில் பற்றியது இந்தக் கயிற்றைத்தான்.