மாதம் ஒரு தாள்

மலர்க்குழு நண்பர் போன் செய்து, "சரித்திரமும் எஞ்சினியரிங்கும் கலந்து ஏதாவது எழுதுங்க சார்" என்றார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம்ம தெர்மல் லேப்தான். பாய்லர் டிரயல் ரீடிங் சரியாக வந்துவிட்டால், அடுத்த பேட்ச் பார்த்துவிடாதபடி ரெக்கார்ட் நோட்டுக்கு அடியில் ஒளித்து வைப்போம். நானும் வைத்தவன்தான், மறுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, தங்கள் ரீடிங்கை ஊரறிய அச்சடித்துக் கொடுத்த ஒரு கூட்டத்தின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கார்ன்வால். அங்கே செம்பும் வெள்ளீயமும் எடுத்த ஆழமான சுரங்கங்கள் இருந்தன. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். இறைக்க நீராவி என்ஜின் வேண்டும். உள்ளூரில் நிலக்கரி கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். கரி மிச்சமானால்தான் பிழைப்பு.

ஜேம்ஸ் வாட்டின் என்ஜின் பழைய நியூகோமன் என்ஜினைவிட வெகு குறைவாகக் கரி தின்றது. அதற்கு அவரும் கூட்டாளி போல்ட்டனும் கேட்ட கூலி, மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. என்ஜின் எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று எண்ண, பூட்டுப் போட்ட பெட்டிக்குள் ஒரு கவுன்ட்டர். 1769-ல் வாட் வாங்கிய பேட்டன்ட்டை பார்லிமென்ட் 1775-ல் சட்டம் போட்டு 1800 வரை நீட்டித்தது. ஹார்ன்புளோயர், எட்வர்ட் புல் போன்ற உள்ளூர்க்காரர்கள் புதிதாக ஒன்றைச் செய்தால் கோர்ட்டில் வழக்கு. வாட் மேதை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வருஷங்களில் என்ஜினில் கைவைக்க மற்றவர்களுக்குப் பயமாகத்தான் இருந்தது.

1800-ல் பேட்டன்ட் காலாவதியானது. இனி தடையில்லை, முன்னேற்றம் பிய்த்துக்கொண்டு போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்ததோ நேர் எதிர். வாட்டின் ஆட்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள், கவனிப்பாரில்லாமல் என்ஜின்களின் திறன் இறங்கியது. பக்கத்துச் சுரங்கத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

1811-ல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேனேஜரும் சில சுரங்கக்காரர்களும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மாதாமாதம் ஒவ்வொரு என்ஜினையும் அளந்து ஒரே தாளில் அச்சிடுவது. சுரங்கத்தின் பெயர், சிலிண்டர் அளவு, எரிந்த கரி, எத்தனை ஸ்ட்ரோக், எஞ்சினியர் யார் எல்லாம் அதில் இருக்கும். முக்கியமான எண் 'டியூட்டி': ஒரு புஷல், அதாவது 94 பவுண்டு கரியில் எத்தனை பவுண்டு தண்ணீரை ஓர் அடி உயர்த்த முடிந்தது என்ற கணக்கு. ஸ்ட்ரோக்கை எண்ணியது, கூலி வசூலிக்க வாட் பயன்படுத்திய அதே மாதிரி கவுன்ட்டர்தான். வேடிக்கை இல்லையா! லீன் மறுவருஷமே காலமானார், பிள்ளைகள் தொடர்ந்தார்கள்.

1812-ல் ரிச்சர்ட் ட்ரெவிதிக் வீல் பிராஸ்பர் சுரங்கத்தில் உயர் அழுத்த நீராவியில் ஓர் என்ஜின் வைத்தார். ('வீல்' என்பது அந்த ஊர் மொழியில் சுரங்கம், சக்கரமில்லை.) அதற்கு அவர் பேட்டன்ட் எடுக்கவில்லை. ஆர்தர் வுல்ஃப் தன் இரட்டை சிலிண்டர் என்ஜினுக்கு எடுத்திருந்தார். கடைசியில் கார்ன்வால் முழுக்கப் பரவியது ட்ரெவிதிக் மாதிரிதான். அவரிடம் தொழில் படித்த சாமுவேல் குரோஸ், வெப்பம் வீணாகாமல் சிலிண்டரையும் குழாய்களையும் போர்த்தினார். 1828 வாக்கில் அவருடைய வீல் டோவன் என்ஜின் 8.7 கோடி டியூட்டி காட்டியது. தாளில் எண் வந்ததும் மற்றவர்களும் போர்த்த ஆரம்பித்தார்கள். 1835-ல் ஃபோவி கன்சால்ஸில் வில்லியம் வெஸ்ட்டின் என்ஜின் ஒரு சோதனையில் 12.5 கோடியைத் தொட்டது. ஆரம்ப மாதங்களின் சராசரி சுமார் 1.5 கோடி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்காரர்கள் எப்படிச் சம்மதித்தார்கள்? ஒரே முதலாளி பல சுரங்கங்களில் பங்கு வைத்திருந்தார். ஒரே எஞ்சினியர் பல சுரங்கங்களுக்கு வேலை பார்த்தார். பக்கத்து வீட்டு லாபம் பாதி தன் லாபம். எஞ்சினியருக்கோ அந்தத் தாள்தான் சர்டிபிகேட். எண் நன்றாக வந்தால் அடுத்த சுரங்கம் கூப்பிடும். ஒளித்து வைத்தால்தான் நஷ்டம். நம்ம லேபில் அப்படியொரு கணக்கு இல்லாமல் போனதே!

ஆனால் கார்ன்வாலுக்கு வெளியே அந்த எண்களைப் பலர் நம்பவில்லை. "கதை விடுகிறார்கள்" என்றார்கள். கரி மலிவாகக் கிடைத்த ஊர்களுக்கு அக்கறையும் இல்லை. லண்டன் குடிநீர் கம்பெனி எஞ்சினியர் தாமஸ் விக்ஸ்டீட் கார்ன்வாலுக்கே போய்ப் பார்த்து வந்தார். அதன் பிறகுதான், 1838-ல், லண்டன் ஓல்ட் ஃபோர்டில் ஒரு கார்னிஷ் என்ஜின் ஓடியது. அச்சடித்த தாள் 27 வருஷமாக இருந்தது. நம்பிக்கை வர ஓர் ஆள் போகவேண்டியிருந்தது.

தாள் 1904 வரை வந்தது. ட்ரெவிதிக்கின் கதைதான் மனசைச் சங்கடப்படுத்துகிறது. அவர் யோசனையால் சுரங்கங்கள் கரியில் பெரும் பணம் மிச்சம் பிடித்தன. 1828-ல் அவர் பார்லிமென்ட்டுக்கு மனுப் போட்டார்; ஒன்றும் கிடைக்கவில்லை. 1833-ல் டார்ட்ஃபோர்டில் ஏழையாக இறந்தார். அடக்கம் செய்ய, உடன் வேலை பார்த்த தொழிலாளிகள் வசூல் செய்தார்கள்.