முதியோர் புனர்வாழ்வில் உளசமூகச் செயற்பாடுகள்: சம்மாந்துறைப் பின்னணியில் ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மருந்தையும் சத்திரசிகிச்சையையுமே முதன்மைப்படுத்தினர். நோயாளி பாய் இழைத்ததும், பாட்டுப் பாடியதும், பழைய நினைவுகளை எடுத்துரைத்ததும் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே இடம்பெற்றன. ஆயினும், தளர்ந்த முதியோரின் புனர்வாழ்வைப் பொறுத்தவரை மருந்தால் மட்டும் எய்தமுடியாத பயனை இவை அளித்துள்ளன. உளசமூகச் செயற்பாடுகள் என இன்று வழங்கும் இவற்றின் வளர்ச்சியை நோக்கி, சம்மாந்துறை போன்றதோர் ஊரில் அவை எவ்வடிவம் பெறல் வேண்டும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கருத்து ஐரோப்பாவில் மட்டும் முளைத்ததன்று. உதுமானியச் சுல்தான் இரண்டாம் பாயஸீத் எதிர்னே நகரில் அமைத்து 1488இல் நிறைவுற்ற வைத்தியசாலையில் நோயாளர்க்கு இசை வழங்கப்பட்டமையைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணியான எவ்லியா செலெபி பதிவுசெய்துள்ளார். 1796இல் வில்லியம் டியூக்கின் முயற்சியால் இங்கிலாந்தின் யோர்க் நகரில் திறக்கப்பட்ட மனநோயாளர் இல்லம், சங்கிலியைத் தவிர்த்து வேலைக்கும் உரையாடலுக்கும் இடமளித்தது. 1917இல் அமெரிக்காவில் தொழில்வழிச் சிகிச்சைக்கெனத் தேசிய சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. முதலாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் தேவை அத்துறையைப் பரவச் செய்தது.

முதியோர் இவ்வரலாற்றினுள் பிந்தியே நுழைந்தனர். 1935இல் இலண்டன் மிடில்செக்ஸ் பகுதியில் மார்ஜரி வொரன் என்னும் பெண் மருத்துவர், ஏழைகள் விடுதியைச் சார்ந்த நோயாளர் மனையொன்றின் பொறுப்பை ஏற்றார். தீராத நோயினர் என ஒதுக்கப்பட்டிருந்த 714 பேர் அங்கு இருந்தனர். அவர் ஒவ்வொருவரையும் பரிசோதித்து வகைப்படுத்தினார். சுவர்களுக்கு வெளிர்நிறம் பூசி, விளக்கொளியைக் கூட்டி, கைபிடிகள் அமைத்து, எழக்கூடியோரை எழுந்து நடக்கச் செய்தார். பலர் வீடு திரும்பினர். அவர்களை முடக்கி வைத்ததில் நோய்க்கு மட்டுமன்றி ஓயாத படுக்கைக்கும் பங்குண்டு என்பது இதனாற் புலனாயிற்று.

உடலுக்கு வொரன் செய்ததை நினைவுக்குச் செய்தவர் றொபேட் பட்லர் எனலாம். முதியவர் பழங்கதை பேசுவது அறிவு தளர்ந்தமையின் அடையாளம் என்றே அதுவரை கருதப்பட்டது. கடந்த வாழ்வை மீள நோக்குதல் முதுமைக்கு இயல்பானதும் பயனுடையதுமான ஓர் உளத்தொழிற்பாடு என 1963இல் அவர் எழுதினார். நினைவுகூரல் பின்னர் ஒரு சிகிச்சை முறையாகவே வளர்ந்தது. அமெரிக்காவில் ஷரன் இனூயி குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், எழுபது வயதும் அதற்கு மேற்பட்டவருமான 852 நோயாளர் இடம்பெற்றனர். உரையாடல், நினைவுகூரல், சொல் விளையாட்டு, நடத்தல், நல்லுறக்கம் முதலியவற்றை இணைத்த பராமரிப்பைப் பெற்றோருள் 9.9 வீதத்தினர்க்கே கடும் மனக்குழப்பம் ஏற்பட்டது. வழமையான பராமரிப்பைப் பெற்றோருள் அது 15 வீதமாகும்.

இவ்வளர்ச்சியின் உட்கிடை யாது? நோயாளியைப் பெறுபவராக மட்டும் கருதாது, செய்பவராக மதித்த வேளைகளிலெல்லாம் முன்னேற்றம் நிகழ்ந்துள்ளது. இவ்வளவுகோலைக் கொண்டே சம்மாந்துறையை நோக்குதல் வேண்டும்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிமுறை வழங்கிவருகின்றது. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டுக்கு வருவதும், பெற்றோர் அயலிலேயே வாழ்வதும் வழமை. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே எழுதி 2008இல் வெளிவந்த நூல் இதனை விரித்துரைக்கின்றது. இவ்வமைப்பில் முதியவருக்கு ஓர் இடம் இருந்தது. குடி மரைக்காயராய்ப் பள்ளிவாசற் கருமங்களில் முதியவர் பங்குகொண்டார். பிள்ளைப்பேற்றிலும் திருமணத்திலும் மூதாட்டியர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. 1970களின் பிற்பகுதி முதல் பெருகிய மத்தியகிழக்குத் தொழிற்பயணம் அயலில் இருந்த பிள்ளைகளைத் தொலைவுக்குக் கொண்டு சென்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் 12.4 வீதத்தினர் அறுபது வயதும் அதற்கு மேற்பட்டவரும் ஆவர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளுக்கு விதித்தது. சட்டம் உணவையும் உறையுளையும் பெற்றுத் தரலாம். இழந்த இடத்தை அதனால் மீட்டுத்தர இயலாது.

புனர்வாழ்வுச் செயற்பாடுகள் இவ்விடத்தை மீட்டளிப்பனவாக அமைதல் வேண்டும். பந்தெறிதலும் படத்துக்கு வர்ணம் தீட்டலும் சிலர்க்கு உவப்பாகலாம். ஆனால், ஏக்கர்க் கணக்கில் வேளாண்மை செய்த ஒருவர் தாம் குழந்தையாக நடத்தப்படுவதாக வருந்தவும் கூடும். பன் பாய் இழைத்த கைக்குப் பன்னையே கொடுத்தால் விரல்களின் பயிற்சியும் தன்மதிப்பும் ஒருங்கே கிட்டும். ஐவேளை அதான் ஒலி பொழுதை உணர்த்தும்; நிற்க இயலாதவர் அமர்ந்தோ படுத்தோ தொழலாம் என்ற சலுகை, நோயிலும் நாளின் ஒழுங்கைக் காக்கத் துணைசெய்யும். கவி பாடவல்ல மூதாட்டி பாட, மற்றவர் எதிர்க்கவி சொல்ல, மூச்சும் நினைவும் உறவும் ஒருசேரப் பயிற்சி பெறும். இவற்றுள் எதனையும் வற்புறுத்தல் ஆகாது. விலகியிருக்க விரும்புபவரின் விருப்பமும் மதிக்கப்படல் வேண்டும்.

நினைவுகூரலோ இவ்வூரிற் பிறிதொரு பயனும் உடையது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது சிறுவராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். எருமை கொண்டு சூடு மிதித்ததையும், களவெட்டியில் மட்டும் வழங்கிய தனிச் சொற்களையும், போடியாருக்கும் வயற்காரருக்கும் இருந்த உறவையும் கண்ணாரக் கண்டவர்கள் அவர்களே. வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் இப்பிராந்தியத்தின் வாழ்வைத் தொகுத்துத் தந்தது. அத்தகைய நூல்களிற் பதிவாகாத பலவும் இம்முதியோருடன் மறைந்துகொண்டிருக்கின்றன. சம்மாந்துறை ஆதார வைத்தியசாலையும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் ஒரே ஊரில் அமைந்துள்ளன. ஒலுவிலில் உள்ள கலைப்பீட மாணவரும் தொலைவில் இல்லை. கிழமைக்கு ஒருமுறை மாணவர் சிலர் குறிப்பேட்டுடன் முதியோர் அருகில் அமர்ந்து, அவர்தம் இசைவுடன் கேட்டெழுதுவாராயின், முதியவர் ஆசானாவார், மாணவர் கற்பவராவர். வரலாற்றுத்துறைக்கு மூலச்சான்றும் கிட்டும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. காலந்தாழ்த்தாமை ஒன்றே வேண்டப்படுவது.