சார்லஸ் இங்கால்ஸும் கதையில் வராத மகனும்



குடும்ப வரலாறு எழுத எங்கிருந்து தொடங்குவது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் நடுமேற்கில் வாழ்ந்த ஒரு விவசாயியின் கதையைச் சொல்கிறேன். பதில் அதிலேயே இருக்கிறது.

அவர் பெயர் சார்லஸ் இங்கால்ஸ். 1836-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1860-ல் விஸ்கான்சினில் கரோலைனை மணந்தார். நல்ல நிலம் தேடி, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கன்சாஸ், மினசோட்டா, அயோவா என்று அலைந்தார். இரண்டாவது மகள் லாரா இங்கால்ஸ் வைல்டர் வயதான காலத்தில் அந்த நாட்களை நாவல்களாக எழுதினார். 'லிட்டில் ஹவுஸ்' வரிசை என்று உலகமே படித்தது. சார்லஸை நாம் அறிந்தது மகளின் கதை வழியாகத்தான். ஆனால் பழைய பதிவுகள் வேறு சிலவற்றையும் சொல்கின்றன.

கன்சாஸ் நாவலில் லாரா விவரம் தெரிந்த சிறுமி. தங்கை கேரி கைக்குழந்தையாக வண்டியில் வருகிறாள். குடும்ப பைபிளிலோ, கேரி பிறந்ததே கன்சாஸில், 1870 ஆகஸ்ட் 3 அன்று என்று இருக்கிறது. அப்போது லாராவுக்கு வயது 3. ஆக, அந்தக் கதையில் பெரும்பகுதி பெற்றோர் சொல்லிச் சொல்லி மனதில் பதிந்ததுதான்.

அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் குடியேறிகளுக்கு நில மதிப்பு எழுதப்படவில்லை. காரணமும் அதிலேயே உண்டு: நிலம் ஓசேஜ் பழங்குடியினருடையது, குடியேறியவர்களுக்கு அதில் உரிமை இல்லை. 1871-ல் இங்கால்ஸ் குடும்பம் விஸ்கான்சினுக்கே திரும்பியது. ஓசேஜ் மக்களோ அந்த நிலத்தை இழந்து, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று.

என் மனதை அதிகம் தொட்டது இன்னொரு பதிவு. 1875 நவம்பர் 1 அன்று சார்லஸ் தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் சார்லஸ் ஃபிரெடரிக். 1876 ஆகஸ்ட் 27 அன்று இறந்துவிட்டான். பத்து மாதம்கூட நிரம்பவில்லை. நாவல்கள் எதிலும் அவன் இல்லை. அதன் பிறகு அயோவாவில் ஹோட்டல் வேலை பார்த்துப் பிழைத்த காலமும் இல்லை. லாரா அவனை மறந்துவிடவில்லை. நாவல்களுக்கு முன்பே எழுதி, 2014-ல்தான் அச்சான 'பயனியர் கேர்ள்' நினைவுக்குறிப்பில் தம்பி வருகிறான். பிள்ளைகளுக்கான கதையில்தான் அந்தத் துக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

கடைசியில், 1880-ல் டகோட்டாவில் டி ஸ்மெட் ஊருக்குப் பக்கத்தில் சார்லஸ் நிலத்துக்கு விண்ணப்பித்தார். 1862-ம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் கிடைக்கும். ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். இரண்டு சாட்சிகள் அதை உறுதி சொல்ல வேண்டும். வீடு எப்படிப்பட்டது, எத்தனை ஏக்கர் உழுதார் என்பதெல்லாம் இத்தகைய கோப்புகளில் இருக்கும். அதனால்தான் முன்னோரைத் தேடுகிற அமெரிக்கர்களுக்கு அவை புதையல். 1902-ல் சார்லஸ் அதே ஊரில் காலமானார்.

ஆகவே முதலில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பத்திரம், பட்டா, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், வளர்ந்து ஆளானவர்களை மட்டும்தான் எண்ணிச் சொல்வார்கள். பிறந்து இறந்தவர்களையும் கேளுங்கள். அவர்கள் பெயரையும் எழுதி வையுங்கள்.