ஒளி கைமாறும் வழி

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்து ஏரியோரங்களில் தேங்கி நிற்கும் நீர் கோடையில் பச்சை பூத்துக் கிடப்பதை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். அப்பசுமைக்குக் காரணமான பாசிகளுள் பச்சைப்பாசியும் ஒன்று. அதன் பச்சையத்தின் மீது விழுந்த சூரிய ஒளி பிறகு எங்கே செல்கிறது? இவ்வினாவின் வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

1932ஆம் ஆண்டில் நம் சென்னைத் தாவரவியல் பேராசிரியர் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார், ஈர மண்ணில் வளரும் புதிய பச்சைப்பாசி ஒன்றை விவரித்து, லண்டனில் தமக்கு ஆசிரியராயிருந்த ஃபிரிட்சின் நினைவாக ஃபிரிட்சியெல்லா என்று பெயரிட்டார். அவர் பாசியின் உருவத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்தவர். அதே ஆண்டில் கலிபோர்னியாவில் ராபர்ட் எமர்சனும் அவருடைய மாணவர் வில்லியம் ஆர்னால்டும் பாசியின் உள்ளே ஒளி செய்யும் வேலையை அளந்து வெளியிட்டனர்.

அவர்கள் எடுத்துக்கொண்டது குளோரெல்லா என்னும் ஒற்றையுயிரணுப் பாசி. வினாடியில் இலட்சத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் ஒளிவீச்சை நியான் விளக்கினால் அதன்மீது பாய்ச்சி, இடையிடையே இருளில் வைத்து, வெளிவந்த பிராணவாயுவை அளந்தனர். ஒளியை எவ்வளவு பெருக்கினும் ஓர் எல்லைக்கு மேல் பலன் பெருகவில்லை. அவ்வெல்லையில் கணக்கிட்டபோது, ஒரு வீச்சுக்கு ஏறத்தாழ 2,480 பச்சைய மூலக்கூறுகள் சேர்ந்து ஒரேயொரு பிராணவாயு மூலக்கூற்றையே ஈந்தன!

பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றும் தனித்துப் பணிபுரிவதாயின் இது எங்ஙனம் நிகழும்? 1936இல் காஃப்ரான், வோல் என்னும் இருவர் இதற்கு விடை கண்டனர். ஓரிடத்தில் விழுந்த ஒளியின் சக்தி பல மூலக்கூறுகளைக் கடந்து, வேதிமாற்றம் நிகழும் ஒரு மையத்தை அடைகிறது என்பது அவர்கள் கருத்து. கூரையில் தீப்பற்றினால் ஊரார் நின்று நீர்க்குடத்தைக் கைமாற்றுவதில்லையா, அதுபோல. ஆனால் ஒரு வேறுபாடு: இங்கே வரிசை நேரானதன்று, குடம் முன்னும் பின்னும் அலைந்தே மையத்தைச் சேர்கிறது. மூலக்கூறுகளுக்கிடையே ஒளி வெளிப்பட்டுப் பாய்வதும் இல்லை. கிளர்ச்சி மட்டுமே தாவுகிறது. 1952இல் டச்சு அறிஞர் டைசன்ஸ், குளோரெல்லாவில் பச்சையம் ‘பி’ ஏற்ற சக்தி சிறிதும் வீணாகாத வண்ணம் பச்சையம் ‘ஏ’யைச் சேர்வதை நிறுவினார்.

2,480 என்னும் எண்ணை விளங்கிக்கொள்ள ஒரு சண்டையையும் சொல்லியாக வேண்டும். எமர்சனின் ஆசிரியர் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க், நோபல் பரிசு பெற்ற மேதை. ஒரு பிராணவாயு மூலக்கூற்றுக்கு நான்கு ஒளித்துகள்கள் போதும் என்றார் அவர். எட்டேனும் வேண்டும் என்றார் மாணவர். 1948இல் வார்பர்க் அமெரிக்காவுக்கே வந்து எமர்சனின் ஆய்வகத்தில் தங்கியும் இணக்கம் ஏற்படவில்லை. அளவைகள் மாணவர் பக்கமே நின்றன என்பது பிற்காலத் தீர்ப்பு. 2,480ஐ எட்டால் வகுத்தால் சுமார் 300. ஒளித்துகள் ஒன்றைக் கையாளும் மையம் ஒவ்வொன்றுக்கும் அத்தனை பச்சைய மூலக்கூறுகள் ஒளி திரட்டித் தருகின்றன.

இவ்வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்குண்டு. அலகாபாத்தில் பயின்ற கோவிந்தஜி 1956இல் இல்லினாய் சென்று எமர்சனிடம் மாணவரானார். அப்போது எமர்சன், தனியே பயன் குறைந்த நெடுஞ்சிவப்பு ஒளியுடன் குறுகிய அலைநீள ஒளியையும் சேர்த்துத் தந்தால், இரண்டையும் தனித்தனியே தந்ததன் கூட்டுத்தொகையினும் மிகுதியாகப் பாசி பிராணவாயுவைத் தருவதைக் கண்டிருந்தார். ஒளியை ஏற்கும் அமைப்புகள் இரண்டு என்பதற்கு அது முதற்குறிப்பு. 1959 பிப்ரவரியில் நியூயார்க்கில் நேர்ந்த விமான விபத்தில் எமர்சன் மாண்டார். மாணவர் ரபினோவிச்சின் வழிகாட்டலில் ஆய்வைத் தொடர்ந்தார். பச்சையம் ‘பி’ மட்டுமன்றிப் பச்சையம் ‘ஏ’யின் ஒரு வகையும் குறுகிய அலைநீள ஒளியின் அமைப்பிலே பணிபுரிகிறது என்று இருவரும் 1960இல் வெளியிட்டனர்.