போக்சோ வழக்கில் ஜாமீன்: நீதிமன்றம் எதைப் பார்க்கிறது? பெற்றோர் என்ன செய்யலாம்?

குழந்தையிடம் பாலியல் கொடுமை செய்ததாகக் கைதானவர் சில மாதங்களில் ஜாமீனில் ஊர் திரும்பினால், பாதிக்கப்பட்ட குடும்பம் உடைந்து போகிறது. 'வழக்கே முடிந்துவிட்டது' என்று நினைத்து, சாட்சி சொல்லாமல் ஒதுங்கிவிடுபவர்களும் உண்டு. ஆனால் ஜாமீன் என்பது விடுதலை அல்ல. விசாரணை முடியும்வரை அவர் சிறையில் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கான பதில் மட்டுமே அது. அந்தக் கேள்வியில் பெற்றோரின் கருத்தையும் நீதிமன்றம் கேட்க வேண்டும்.

சட்டம் சொல்வது

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தில் ஜாமீனுக்கென்று தனி விதி இல்லை. பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டமே பொருந்தும். 2024 ஜூலை 1 முதல் அது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டம். 16 வயதுக்குட்பட்ட சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்தது, 18 வயதுக்குட்பட்ட சிறுமியைக் கூட்டு வன்கொடுமை செய்தது ஆகிய குற்றச்சாட்டுகளில் முன்ஜாமீன் கேட்கவே முடியாது.

போக்சோ 29ஆவது பிரிவின்படி, கடுமையான பாலியல் குற்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரே தான் நிரபராதி என நிரூபிக்க வேண்டும். ஆனால் குற்றச்சாட்டு பதிவான பிறகே இந்த அனுமானம் செயல்படும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2020இல் விளக்கியது.

நீதிபதி எடைபோடுபவை

• முதல் பார்வையில் குற்றத்துக்கு ஆதாரம் இருக்கிறதா
• குற்றத்தின் தன்மை, கிடைக்கக்கூடிய தண்டனை
• தப்பி ஓடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, மறுபடியும் செய்வாரா
• குழந்தையின் வயது, இருவருக்குமான வயது வித்தியாசம்
• அவர் உறவினரா, ஆசிரியரா, ஒரே தெருவில் வசிப்பவரா

பதினாறு, பதினேழு வயதினரின் காதல் விவகாரங்களையும், சிறு குழந்தை மீதான கொடுமையையும் நீதிமன்றங்கள் ஜாமீன் கட்டத்தில் ஒரே தட்டில் வைப்பதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. போலீஸ் 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், கைதானவர் ஜாமீன் கேட்டுப் பெறலாம். பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்குகளுக்கு 90 நாள். வழக்கின் பலத்தை இங்கே யாரும் பார்ப்பதில்லை. எனவே குற்றப்பத்திரிகை எப்போது தாக்கலாகும் என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

பெற்றோரின் உரிமை

மேலே சொன்ன வன்கொடுமை வழக்குகளில், ஜாமீன் மனு விசாரணையின்போது புகார் கொடுத்தவர் அல்லது அவரால் அதிகாரம் பெற்றவர் ஆஜராக வேண்டும் என்பது கட்டாயம். பாதிக்கப்பட்டவருக்கு வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பேச உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் 2022இல் சொன்னது. ஜாமீன் நிலவரத்தைக் குடும்பத்துக்குத் தெரிவிப்பது போலீசின் கடமை என்று 2020 போக்சோ விதிகள் கூறுகின்றன. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

மிரட்டல் வந்திருந்தால் தேதி, நேரத்தோடு எழுதி அரசு வழக்கறிஞரிடம் கொடுங்கள். 'எதிரி எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார்' என்ற ஒரு வரி கூட முடிவை மாற்றலாம். ஜாமீன் கிடைத்தாலும், அந்த ஊருக்குள் வரக்கூடாது, குழந்தையைத் தொடர்பு கொள்ளக்கூடாது என்று நிபந்தனை விதிக்கக் கேட்கலாம். நிபந்தனையை மீறினால் ஜாமீனை ரத்து செய்ய மனு போடலாம்.

சமரசம் வேண்டாம்

பணம் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள் என்று உறவினர்களோ ஊர்ப் பெரியவர்களோ சொல்லக்கூடும். ஒரு பள்ளி மாணவியின் தந்தை ஆசிரியரோடு சமரசம் செய்துகொண்டதை ஏற்று முடிக்கப்பட்ட வழக்கை, 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் மீண்டும் நடத்த உத்தரவிட்டது. குழந்தைக்கு நடந்த கொடுமை இரு குடும்பங்களின் தகராறு அல்ல.

குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வாட்ஸ்அப்பில் பகிர வேண்டாம். அதுவும் குற்றம். உதவிக்கு 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.