கணக்கேடும் நாடக மேடையும்

புக்கிட் பாஞ்சாங்கில் டௌன்டவுன் தடத்து ரயிலில் ஏறுவோர், லிட்டில் இந்தியாவைக் கடந்து, வண்டி மாறாமலே நகரின் நிதி வட்டாரத்தை அடையலாம். அவ்வட்டாரத்தில் 1995ஆம் ஆண்டில் வெளிப்பட்ட பேரிங்ஸ் வங்கி மோசடியை நம் மாணவர் தமிழ் நாடகமாக்க முனைந்தால், எதனை மேடையேற்றுவது என்பதே இவ்வுரையில் நாம் ஆராயும் வினா.

முதலில் வரலாறு. 1762இல் இலண்டனில் தோன்றிய பேரிங்ஸின் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் முன்பேர வணிகம் செய்தார். வாங்கி விற்றவரும் அவரே. அக்கணக்கைச் சரிபார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாளரும் அவரே. வணிகத் தவறுகளைப் பதிவதற்கென 1992இல் திறந்த 88888 என்னும் பிழைக் கணக்கில் அவர் இழப்புகளை ஒளித்தார். 1995 ஜனவரி 17இல் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபின் ஜப்பானியப் பங்குச் சந்தை சரிந்தது, இழப்பு பெருகியது. இறுதித் தொகை 82.7 கோடி பவுண்டு. பிப்ரவரி 26இல் வங்கி வீழ்ந்தது. பின்னர் ஒரு பவுண்டு விலைக்கு டச்சு நிறுவனமாகிய ஐஎன்ஜி அதனை வாங்கியது. லீசனுக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறரை ஆண்டுச் சிறை விதித்தது.

இவ்வரலாற்றை நாடகமாக்குவதில் இரு இடர்கள் உள்ளன. ஒன்று, எண்ணுக்கு உடல் இல்லை. இதற்கு வழி கண்டவர் லூசி பிரெபிள். அமெரிக்க நிறுவனமாகிய என்ரானின் வீழ்ச்சியை அவர் 2009இல் நாடகமாக்கினார். கடனை மறைக்க அந்நிறுவனம் அமைத்த துணை அமைப்புகளுக்கு 'ராப்டர்' என்னும் தொல்விலங்கின் பெயர் இருந்தது. மேடையில் அவை கடனைத் தின்னும் விலங்குகளாகவே உலவின. கணக்கியல் அறியாதவர்க்கும் மோசடி விளங்கிற்று.

மற்றோர் இடர் இதனினும் பெரிது. ஒருவரைக் கள்வராக்கிவிட்டால் கதை எளிதில் முடிந்துவிடும். ஆனால் உண்மை பாதியாகிவிடும். இரு பொறுப்புகளும் ஒருவரிடமே குவிந்திருப்பதை வங்கியின் உள் தணிக்கை 1994இலேயே சுட்டியது. ஆயினும் அவற்றைப் பிரித்தார் இலர். சிங்கப்பூர் கேட்ட பணத்தை இலண்டன் அனுப்பிக்கொண்டே இருந்தது.

இங்கே சிலப்பதிகாரம் நமக்கு வழிகாட்டும். சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். எனினும் வழக்குரை காதையில் கண்ணகி நியாயம் கேட்டு நிற்பது அவன் முன் அன்று, அரசன் முன். உடைத்த சிலம்பிலிருந்து முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்ததும், ஆராயாது ஆணையிட்ட குற்றத்தைப் பாண்டியன் தன்மேல் ஏற்று உயிர்நீத்தான். கண்ணுக்குப் புலனாகும் சான்று, கேட்க வேண்டியதைக் கேளாத தலைமை ஆகிய இரண்டையும் ஒரே காட்சியில் நிறுத்தியமையே அக்காதையின் வலிமை.

தமிழில் 'பிழைத்தல்' என்னும் வினை தவறு செய்தலையும் உயிர் வாழ்தலையும் ஒருங்கே குறிக்கும். பிழைக்க வந்த ஊரில் பிழை செய்தவரின் கதைக்கு இச்சொல் நன்கு பொருந்தும். மாணவர் லீசனைக் கூண்டில் நிறுத்தட்டும். அதனோடு, பணத்தை அனுப்பியோரும் தணிக்கை அறிக்கையைப் பெற்றோரும் அவைக்கு வரட்டும். அவர்களிடம் வினவ ஒரு கண்ணகி வேண்டும். அவளுக்குரிய வினாக்களை எழுதுவதே வகுப்பறையில் இந்நாடகத்தின் முதற்பணி.